பேப்பர் ஐயாவு முடியாது என்று சொன்ன நாள்

ஈப்போவில் பேப்பர் ஐயாவுவைத் தெரியாத வீடு ஒன்று இருக்குமானால், அந்த வீட்டில் பிள்ளையே பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குனோங் ராபாட்டில் தொடங்கி, வடக்கே செமோர், அதையும் தாண்டிப் பாகான் செராய் வயல்காடு வரைக்கும், பிறந்தநாள் கேக்கு வெட்டுகிற இடத்திலெல்லாம் அவர் கிழித்த தாள் பறந்திருக்கிறது. மந்திரக்கோல் கிடையாது. புறா கிடையாது, முயல் கிடையாது. கத்தரிக்கோலைக்கூடத் தொடமாட்டார். ஒரு நாளிதழும் பத்து விரலும்தான். இத்தனைக்கும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கோலாலம்பூரிலிருந்து கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வருகிற வித்தைக்காரனெல்லாம் இவர் நிற்கிற பந்தலில் நிற்க யோசிப்பான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அந்தப் பத்து விரலில் ஒன்று எழுந்திருக்கவில்லை.

வலது கட்டைவிரல். உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டு நிமிர மாட்டேன் என்றது. இடது கையால் பிடித்து இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம், உயிர் போகிற வலி, பிறகுதான் நிமிர்ந்தது. இது சில மாதங்களாக நடக்கிற கூத்து. கிளினிக்கில் இருந்த சின்னப்பெண் டாக்டர், "சர்க்கரை இருக்குல்ல அங்கிள், அதான். கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லியிருந்தாள். ஐயாவு தலையாட்டிவிட்டு வந்தார். ரெஸ்ட் என்றால் எந்தக் கடையில் விற்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வெளியே ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. மனைவி நல்லம்மாளுக்கு மட்டும் தெரியும். அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை. சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டுவதை அவளே பார்த்துத் தெரிந்துகொண்டது.

"போன் போட்டுச் சொல்லிடுங்களேன், முடியலன்னு" என்றாள், பொத்தானைப் போட்டுவிட்டபடி.

"யாருக்கு முடியல? எனக்கா?"

"இல்ல, பக்கத்து வீட்டுப் பூனைக்கு."

"ஐயாவு வரேன்னு சொல்லி வராம போனதும் இல்ல, ஒரு பிள்ள இன்னொரு தடவன்னு கேட்டு முடியாதுன்னு சொன்னதும் இல்ல. ஊர்ல யார வேணா கேட்டுப் பாரு."

"ஊரு வந்து உங்க சட்டைக்குப் பொத்தான் போடுமா?"

அவர் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். ஐயாவு முடியாது என்று சொன்னதில்லை என்கிற அந்த ஒரு பேச்சுதான் அவருடைய சொத்து. வீடு, பழைய சாகா கார், பிள்ளைகளைப் படிக்கவைத்தது எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் பாடுபட்ட எவனுக்கும் கிடைக்கும். ஆனால் "பேப்பர் தாத்தா கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு" என்று முன்பின் தெரியாத பிள்ளை சொல்கிறதே, அது எவனுக்குக் கிடைக்கும்? அந்தப் பேரு இந்த ஒரு விரலால் போய்விடுமோ என்பதுதான் காலையிலிருந்து அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. முன்பானால் ஒரு தடவை தடுமாறினாலும் பந்தலோடு போய்விடும். இப்போது எல்லார் கையிலும் போன்.

அந்தப் போன்தான் அவரை இந்தப் பாடு படுத்துகிறது. யாரோ ஒரு பெண் அவர் கிழிப்பதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். அது எங்கெங்கேயோ போய், அதிலிருந்து வாரக் கடைசியென்றால் ஒரு வீடு போய் மூன்று வீடாகிவிட்டது. ஆள் கூப்பிடவில்லையே என்று ஏங்குகிறவன் ஏங்கட்டும். ஐயாவுவுக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டே முதுகு ஒடிந்தது. ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு, ஒரே காகிதத் தென்னை மரம். பிளாஸ்டிக் நாற்காலி, கூடாரத்துக்குள் அடைந்து நிற்கிற வெக்கை, பலூன் வெடிக்கிற சத்தம். முடித்துவிட்டுக் காரில் உட்கார்ந்தால் சாவியைத் திருகக்கூட மனசு வராது. எழுபது வயதை நெருங்குகிற உடம்பு. ஆனால் போன் அடித்தால் வாய் தானாக "வாரேன்மா" என்று சொல்லிவிடுகிறது.

இந்தக் கைக்கு வித்தை எங்கே கிடைத்தது என்று கேட்டால் பெரிய கதையொன்றும் இல்லை. செமோர் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பன் ரப்பர்ப் பால்மரம் வெட்டினவர், அம்மா புல்வெட்டுக் கும்பலில். மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அப்பன் படுத்துவிட, பையனைச் செமோர் டவுனில் ஒரு மளிகைக் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். ராவுத்தர் கடை. வெங்காயம், மிளகாய், கருவாடு எல்லாம் பழைய பேப்பரில்தான் மடித்துக் கொடுக்க வேண்டும். பையனிடம் கத்தரியைக் கொடுத்தால் தொலைத்துவிடுவான் என்று ராவுத்தர் கொடுக்கவில்லை. "கையாலயே கிழிடா. கோணலா கிழிச்சா அன்னிக்குச் சோறு கோணலாத்தான் வரும்" என்றார்.

கிழித்துக் கிழித்துத்தான் பையனுக்கு ஒன்று பிடிபட்டது. மரத்துக்கு நார் ஓடுகிற மாதிரி பேப்பருக்கும் ஒரு ஓட்டம் இருக்கிறது. நீளவாக்கில் இழுத்தால் கோடு போட்டமாதிரி நேராக வரும். குறுக்கே இழுத்தால் அதன் இஷ்டத்துக்குப் போகும். எந்தப் பக்கம் தானாக வரும், எந்தப் பக்கம் மிரட்ட வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. சும்மா இருக்கும்போது பொம்மை கிழித்தான், ஏணி கிழித்தான். சாமான் வாங்க வந்த பெண்டுகள் இடுப்பிலிருந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

பிறகு தோட்டத்தைக் கம்பெனிக்காரன் விற்றுவிட, வாங்கினவர்கள் அங்கே வீடு கட்டினார்கள். ஐயாவு லாரி ஓட்டினார், சுண்ணாம்புக் கல் ஏற்றினார், கடன்பட்டுச் சொந்தமாக ஒரு லாரி வாங்கினார், அந்தக் கடனை அடைத்தும் முடித்தார். யாரும் தூக்கிவிடவில்லை, யார் காலிலும் விழவில்லை. தாள் கிழிப்பது இடையில் விளையாட்டாகத் தொடங்கி, லாரியை விற்ற பிறகு முழு வேலையாகவே ஆகிவிட்டது.

ராவுத்தரின் மகன் ரஹீம் இப்போது குனோங் ராபாட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் பேப்பர் அடுக்கும் உண்டு. ஐயாவு வித்தைக்குப் போகிற நாளெல்லாம் அன்றைய தமிழ் நாளிதழ் இரண்டு அங்கேதான் வாங்குவார். அன்றைய தேதி போட்ட பேப்பராக இருக்கவேண்டும். பழைய பேப்பர் என்றால் வீட்டிலிருந்தே ஏதோ செய்துகொண்டு வந்துவிட்டான் என்பார்கள். அது அவர் வைத்திருக்கிற சட்டம்.

"என்ன மச்சான், ஒண்ணு வாசிக்க, ஒண்ணு மறக்கவா?" என்றார் ரஹீம். இத்தனை வருடமாக இதையேதான் கேட்கிறார்.

"உங்க அத்தா ஒரு கத்தரிக்கோலு வாங்கிக் குடுத்திருந்தா நான் ஏன் இந்தப் பாடு படுறேன்?"

"குடுத்திருந்தா நீ தையக்காரனாயிருப்ப லா. டீ குடிச்சிட்டுப் போ. கை என்ன, பாக்கெட்டுக்குள்ளயே இருக்கு?"

"குளிருது."

"ஈப்போவுல? இந்த வெயில்லயா?"

ஐயாவு டீயை இடது கையால் எடுத்துக் குடித்தார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. சாமி படம் போட்ட தாளைக் கிழிக்கமாட்டார். இறந்தவர் முகம் போட்ட தாளையும் கிழிக்கமாட்டார். நம் தமிழ்ப் பேப்பரில் இது லேசான காரியமில்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி, பதினாறாம் நாள் காரியம் என்று பக்கத்துக்குப் பக்கம் முகம் இருக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் மேசையில் விரித்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். இரண்டு பேப்பரிலும் ஒரே தாளை எடுத்து, ஒன்றைச் சின்னதாக மடித்து இன்னொன்றின் முதுகில் ஒட்டவேண்டும். முன்னால் கிழிபடுவது ஒன்று, பின்னால் முழுசாகக் காத்திருப்பது இன்னொன்று. அவ்வளவுதான் மந்திரம்.

அன்றைக்கு மத்தியானம் மேசையில் தாளை விரித்தபோது, மேலே தெரிந்த பக்கத்தில் ஒரு நடிகை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சிரித்தாள். சரி, இதுவே போதும் என்று மடிக்க ஆரம்பித்தார். கடைசி மடிப்பை அழுத்தும்போது விரல் பூட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. வெந்நீரில் கையை வைத்தார். நல்லம்மாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். விரல் நிமிர்ந்தபோது மணியாகிவிட்டது. நடிகையின் மேலேயே பசையைத் தடவி மடித்ததை ஒட்டிவிட்டு, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தத் தாளின் மறுபக்கத்தை, பிள்ளைகள் பார்க்கப்போகிற பக்கத்தை, அவர் புரட்டிப் பார்க்கவே இல்லை.

பிறந்தநாள் வீடு குனோங் ராபாட்டில்தான். சுண்ணாம்பு மலைக்கு அடியில் வரிசை வரிசையாக நிற்கிற தாமான் குடியிருப்பு வீடுகளில் ஒன்று. யுகேந்திரன் என்கிற பையன் வாசலில் நின்று கூப்பிட்டான். தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை வேலை. மனைவி தினேஸ்வரி. மகள் யாஷினிக்குத்தான் பிறந்தநாள்.

"வாங்க அங்கிள். உள்ள வந்து முகம் கழுவிக்குங்க. பிள்ளைங்க காலையிலேர்ந்து உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்குதுங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் ஒண்ணும் செய்யல அங்கிள். தினேசோட அண்ணன் தவறிட்டாரு. செமோர் ரோட்டுல, வேலைக்குப் போறப்ப, மோட்டார்ல. பாப்பாவுக்கு மாமான்னா உயிரு. திதிப்படி போன மாசமே தலைத்திவசம் முடிச்சிட்டோம். வருஷம் கழிஞ்சிருச்சு, இனிமே செய்யலாம்னு ஐயரு சொன்னாரு. அதான் கொஞ்சம் பெருசா வச்சோம். பாப்பா சிரிச்சா போதும் அங்கிள்."

"சிரிப்பு என் பொறுப்பு" என்றார் ஐயாவு. வாய்தான் சொன்னது.

கூடத்தில் அந்த மாமன் படம் இருந்தது. மாலை போட்டு, சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோகிலன். பந்து விளையாடுகிற சட்டையோடு, பல் தெரியச் சிரிக்கிற முகம். ஐயாவு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடும்போது கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நின்றது.

பிறகு கூடாரத்துக்குள் போனார். அடைசலான வெக்கை. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் யாஷினி, தலையில் அட்டைக் கிரீடம். பெரியவர்கள் பின்னால் நாற்காலியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நடுவில் குண்டாக ஒரு பொடியன், ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சொன்னான்: "தாத்தா, இதெல்லாம் நான் யூடியூப்ல பாத்துட்டேன். பின்னாடி இன்னொரு பேப்பர் ஒட்டிருப்பீங்க."

"பின்னாடியா? உன் பின்னாடிதான் உங்க அம்மா ரோத்தான் பிரம்போட நிக்கிறாங்க. பாரு."

பொடியன் திரும்பிப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. இந்தச் சிரிப்பு எந்த இடத்தில் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஐயாவுவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்த நேரத்துக்குள் ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் கைகோத்து நிற்கிற பொம்மைகள். பிறகு தாளைக் குழலாகச் சுருட்டி, மேலே கிழித்து, உள்ளிருந்து இழுக்க இழுக்க உயர்கிற மரம்.

"இது என்ன மரம்?"

"செம்பனை!" என்று கத்தின பிள்ளைகள்.

"தாத்தா தென்ன மரம் நட்டேன். நீங்க செம்பனைன்னா செம்பனைதான். இப்பல்லாம் எத நட்டாலும் எண்ணெய்ப் பனையாத்தான் ஆயிருது." பெரியவர்கள் சிரித்தார்கள். மரம் இழுக்கும்போதே விரலில் வலி ஆரம்பித்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை.

கடைசியாக அந்தத் தாள். பையிலிருந்து எடுத்து, நடிகை தன் பக்கம் இருக்க, மறுபக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி விரித்துப் பிடித்தார். "இன்னிக்கு வந்த பேப்பரு. தேதி பாத்துக்குங்க. இத இப்ப தாத்தா என்ன செய்யப்போறேன்?"

"கிழிப்பீங்க!"

மேலிருந்து கீழே, ஓட்டத்தோடு, சர்ரென்று ஒரே இழுப்பு. அவ்வளவு நேராகக் கிழிக்க இந்தப் பேராக் மாநிலத்தில் இன்னொரு ஆள் கிடையாது.

கைதட்டல் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"கோகி மாமா" என்றாள் யாஷினி.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போதுதான் ஒரு பாதி அவர் பக்கம் திரும்பியது. பாதிச் சிரிப்பு. பாதி நெற்றி. பந்து விளையாடுகிற சட்டையில் ஒரு தோள். மேலே 'முதலாம் ஆண்டு நினைவ' என்று அறுந்து நின்றது. கொஞ்சம் முன்னால் கையெடுத்துக் கும்பிட்ட முகம்.

வீட்டுக்காரர்கள் திதி பார்த்து வருஷத்தை முடித்துவிட்டார்கள். பேப்பருக்கு ஏது திதி? அது ஆங்கிலத் தேதியைப் பார்த்து, யாரோ கொடுத்த படத்தை அன்றைக்குத்தான் போட்டிருக்கிறது.

பின்னால் தினேஸ்வரி ஏர் சிராப் சர்பத் ஜாடியைப் பிடித்தபடி நின்றாள். ஜாடி சாய்ந்து சிவப்புத் தண்ணீர் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. யுகேந்திரன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அங்கிள், போதும். நிறுத்திடுங்க. நிறுத்துங்க."

நிறுத்தலாம். நிறுத்தினால் மாமன் இரண்டு துண்டாகவே பிள்ளையின் கண்ணில் நிற்பான். வழக்கமாக இன்னும் நாலைந்து தடவை கிழிப்பார். துண்டு சிறிதானால்தான் கையில் அடங்கும். இதற்கு மேல் கிழிக்கக் கை வரவில்லை.

"ஒரு நிமிஷம் குடு தம்பி" என்றார் மெதுவாக. பிறகு யாஷினியைப் பார்த்து, "மாமா எங்கயும் போவலடா. ஊது."

பிள்ளை எழுந்து வந்து அவர் கையில் ஊதியது. உதடு நடுங்கியதில் பாதிக் காற்று அவர் முகத்தில் அடித்தது. ஐயாவு மடித்தார். மேலும் கிழிக்காத பெரிய பாதிகளை மடிப்பது முரட்டு வேலை. கட்டைவிரல் பூட்டிக்கொள்ளப் பார்த்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினார். வாழ்நாளில் எவனையும் கெஞ்சாத மனுஷன், தன் விரலைக் கெஞ்சினார். திருப்பினார். விரித்தார்.

கோகிலன் முழுசாகச் சிரித்தான்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூடாரமே அதிர்ந்தது. யாஷினி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எந்த வீட்டிலும் அந்தத் தாளைக் கொடுத்ததில்லை அவர். கசக்கிப் பந்தாக்கிப் பையில் போட்டுவிடுவார். பின்னால் ஒட்டியிருக்கிற கிழிசல் அதோடு போய்விடும். இதைக் கசக்க முடியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைக்கிற மாதிரி குனிந்தார். துண்டுக்கு அடியில் கிழிசல் மடிப்பைக் கட்டைவிரலால் பிய்த்தார். டக். வலி தோள்பட்டை வரை ஏறியது. பிய்ந்து வந்ததைத் துண்டோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் விட்டுவிட்டு, முழுத் தாளைப் பிள்ளை கையில் கொடுத்தார்.

முடிந்தது என்று நினைத்தார். உட்கார ஒரு நாற்காலியைக் கண் தேடியது.

"இன்னொரு தடவ!" என்றான் யூடியூப் பொடியன்.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று பாய் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

யாஷினி தாளைத் திரும்ப அவரிடம் நீட்டினாள். கண்ணில் ஈரம் காயவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. "தாத்தா, மாமாவ இன்னொரு தடவ கிழிச்சு ஒட்டுங்க தாத்தா."

பெரியவர்கள் சிலரும் சேர்ந்து கைதட்டினார்கள். போன்கள் இன்னும் உயர்ந்தன. "செய்வாரு பாரு, இவரு இல்லன்னே சொல்ல மாட்டாரு லா" என்றது ஒரு குரல். அவருடைய பேரு அது. அவர் காதுபடவே யாரோ சொல்கிறார்கள்.

இந்த முகம் போட்டது இருந்தது இரண்டே தாள். ஒன்று சட்டைப் பையில் கிழிசலாகக் கிடக்கிறது. இன்னொன்று இந்தப் பிள்ளை கையில். இதைக் கிழித்தால் ஒட்ட வழியில்லை. ஏன் கிழிக்கக்கூடாது என்று சொல்லப்போனால், செத்தவர் முகத்தைக் கிழிக்கக்கூடாதும்மா என்று சொல்லவேண்டும். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் பலூன் கட்டின வீடு. அந்த வார்த்தையை இந்தப் பாயின் நடுவில் எப்படிப் போடுவது?

"முடியாதும்மா" என்றார் ஐயாவு.

அவருக்கே அது வேறு யாரோ சொன்னமாதிரிதான் இருந்தது.

"ஏன் தாத்தா?"

காலையிலிருந்து யாரும் கவனிக்காதபடி மறைத்த கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிப் பூட்டிக் கிடந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. "விரல் போச்சுடா கண்ணு. தாத்தாவுக்கு வயசாச்சு. இதுக்குமேல ஆவாது."

"ஊஊ" என்று ஒரு பொடியன் தொடங்கினான். நாலைந்து சேர்ந்துகொண்டன. "அதான் நான் சொன்னேன்ல, பொய்யி" என்றான் யூடியூப்காரன். யாரோ ஒரு அம்மா அவன் தலையில் தட்டினாள். ஆனால் போனைக் கீழே இறக்கவில்லை. யாஷினி மட்டும் கிட்டே வந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"ஊதட்டுமா?"

"ஊது."

கேக்கு வெட்டும்போது ஐயாவு ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கத் தெம்பில்லை. யாஷினி தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் அந்தப் பேப்பரைச் சாத்தி வைத்திருந்தாள். காற்றாடிக் காற்றில் அது சரியச் சரிய, யுகேந்திரன் பலூன் ஒட்டின டேப்பை எடுத்து ஓரத்தில் ஒட்டிவிட்டான்.

தினேஸ்வரி மீஹூன் தட்டோடு வந்தாள்.

"புரட்டிப் பாக்காம எடுத்துட்டேன்மா. எப்பவும் பாப்பேன்" என்றார்.

"கீழ பேரு போட்டிருக்கு பாத்தீங்களா? அண்ணங்கூடப் பந்து விளையாடுன பசங்க. அவனுங்களாவே போட்டிருக்கானுங்க, எங்களுக்குச் சொல்லல. இந்த வீட்ல யாரு தமிழ் பேப்பர் வாங்குறா? நீங்க கொண்டு வரலன்னா நாங்க பாத்தே இருக்கமாட்டோம்." தட்டை அவர் மடியில் வைத்தாள். "கிழிச்சப்ப எனக்கு உங்க மேல அவ்ளோ கோவம் வந்துச்சு."

"வரணும்மா."

"விரல் நெசமாவே முடியலையா, இல்ல…"

"நெசமாவே முடியலம்மா" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். துண்டின் ஓரத்தில் தாள் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க ஐயா. ஆறிரும்" என்றுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மலைமேல் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் வாசலிலேயே நின்றாள். கையில் போன்.

"வந்துருச்சா?" என்றார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துருச்சு. நாலு பேரு அனுப்பிட்டாங்க. பேப்பர் தாத்தா தோத்துட்டாருன்னு ஒருத்தன் எழுதிருக்கான். கூடவே எங்கேர்ந்தோ ஒரு பிள்ள அழுவுற படம் எடுத்துப் போட்டிருக்கான்."

"ம்."

"நெசமாவே முடியலையா? நல்லாத்தானே ஒட்டுனீங்க. மொத தடவ செஞ்சது அதுலயே இருக்கே."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சொல்லலாம். இவளிடம் சொன்னால் இவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவாள், நாளைக்கு ஊரே பேப்பர் ஐயாவு பெரிய மனுஷன் என்று பேசும். மூன்று வார்த்தையில் பேரைத் திரும்ப வாங்கிவிடலாம். முன்பாயிருந்தால் கார் நிற்பதற்குள் சொல்லியிருப்பார். இன்றைக்கு வாயைத் திறக்கவே அசதியாக இருந்தது. அதோடு, அது அந்த வீட்டுக் காரியம்.

"முடியல" என்றார்.

போன் அடித்தது. நல்லம்மாள் எடுத்துக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். "பாகான் செராய்லேர்ந்து. வர்ற சனிக்கிழம. அந்தப் படத்தப் பாக்கல போல. என்ன சொல்ல?"

"முடியாதுன்னு சொல்லு."

அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு போனில் நல்ல விதமாகவே சொல்லி வைத்தாள். ஐயாவு கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை சொன்ன அளவுக்கு இரண்டாம் தடவை வலிக்கவில்லை. உடம்பு நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அவள் வழக்கம்போல் வந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். வேர்வையில் நனைந்த சட்டை. தோய்க்கிற வாளியில் போட எடுத்துக்கொண்டு நடந்தவளைக் கூப்பிட்டார்.

"அந்தச் சட்டைய இன்னிக்குத் தோய்க்கப் போடாத."

"நாறுதுங்க."

"நாறட்டும். ஆணியில மாட்டி வை."

நல்லம்மாள் பையைத் தொட்டுப் பார்த்தாள். துண்டுக்குள் தாள் சரசரத்தது. எடுத்து ஓரத்தைப் பிரித்தாள். பாதிச் சிரிப்பும், மேலே அறுந்த 'நினைவ'வும் தெரிந்தன. போனில் ஓடிய படத்தில் நாற்காலியில் சாத்தியிருந்த அதே முகம். பிரித்த மடிப்பை மறுபடி மடித்து, பையிலேயே வைத்து, சட்டையைச் சாமி அறைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

"கையக் குடுங்க."

கொடுத்தார்.